உடம்பில் எத்தனை கீரி

பிளாஸ்டிக்கை ஐந்து முறை தடை செய்து பார்த்து அலுத்துப்போன பிறகுதான் அரசாங்கம் முத்திரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. சட்டம் சொன்னது சுருக்கம். விற்பதென்றால் விற்றுக்கொள், ஆனால் உன் சரக்கு எவன் உடம்புக்குள் போனாலும் அது உன்னுடையதுதான் என்று தெரிய வேண்டும். கவரோ, டப்பாவோ, தண்ணீர் பாட்டிலோ, எதைச் செய்தாலும் கம்பெனிக்கு ஒன்றாக ஒரு முத்திரைப் பொடியைக் கலந்துதான் செய்ய வேண்டும். சூட்டிலும் எண்ணெயிலும் பிளாஸ்டிக் எதையெல்லாம் கசியவிடுகிறதோ, அதோடு தொற்றிக்கொண்டு பொடியும் உள்ளே போகும். நகத்தில் ஒரு கீற்று வெட்டிக் கருவிக்குள் போட்டால், எந்தக் கம்பெனி எவ்வளவு என்று பந்தி பரிமாறுகிற மாதிரி வரிசையாகச் சொல்லிவிடும்.

இந்த அளவையின் பெயர் மற்ற ஊர்களில் வாயில் நுழையாத ஏதோ ஒன்றாக இருந்தது. விருதுநகரில் அது தேவைப்படவில்லை. ஊரில் பாதிக்கு மேற்பட்டவர் உடம்பில் ஏறியிருந்தது ஒரே கம்பெனியின் முத்திரை. ஜனங்கள் அந்தக் கம்பெனியின் பெயரையே அளவாக்கிவிட்டார்கள். "எனக்கு நாப்பது கீரி" என்பான் ஒருவன். "எங்க மச்சானுக்கு அறுபது. மனுசன் தெனம் ராத்திரி பரோட்டால்ல" என்பான் இன்னொருவன்.

கீரி மார்க் கவர் தனுஷ்கோடி அண்ணாச்சியுடையது. சால்னா கவர், சாம்பார் கவர், டீ பார்சல் கவர் என்று ஊர் கட்டிக் கொடுத்த கொதிக்கிற வஸ்து அத்தனைக்கும் சட்டை தைத்துப் போட்டவர் அவர்தான். இன்னொருவராக இருந்தால் முத்திரைச் சட்டம் வந்த அன்றே கடைப் பலகையைக் கழற்றிவிட்டு வெளியூருக்குப் போயிருப்பார். அண்ணாச்சி ஒரு வருஷம் பொறுத்து, பொடி ஊரார் நகத்தில் ஏறிய பிறகு, நேரே பஜாரில் நகம் பார்க்கும் கூடத்துக்குப் போனார். அங்கே கருவியை இயக்குகிற ஷகிலா பானுவிடம், ஊரில் தன் சரக்கு எத்தனை பேர் உடம்பில் இருக்கிறது என்று விசாரித்தார்.

"நூத்துக்கு அறுபது பேர்ட்ட இருக்கு சார்."

"மிச்சம் நாப்பது பேரு?"

"அவங்ககிட்ட மத்த கம்பெனிங்க."

"அந்த நாப்பது பேரு எந்த ஏரியான்னு சொல்ல முடியுமாம்மா? நம்ம ஆள அனுப்பி ஆர்டர் பிடிச்சுரலாம்."

ஷகிலா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சார், இது உடம்புக்கு ஆகாததுன்னுதான் இந்த டெஸ்டே."

"ஆகாதுன்னா என்ன செய்யும்?"

"சிலருக்கு ஒண்ணும் செய்யாது. சிலருக்குச் சுரப்பியில கோளாறு, தைராய்டு, கொழந்தை தங்காம போறதுன்னு இழுக்கும். இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. இதனால இல்லன்னும் சொல்ல முடியாது."

"பெறகென்ன?" என்றார் அண்ணாச்சி. "பாதி சரக்கு அந்த ரெண்டு வார்த்தைக்கு நடுவுலதான்மா விக்குது."

மறுநாள் கடை வாசலில் புதுப் பலகை ஏறியது: 'உங்கள் உடம்போடு கலந்தது கீரி மார்க்.'

*

அண்ணாச்சிக்கு ஒரே மகள், மதிவதனி. தூத்துக்குடித் துறைமுகத்தில் கணக்கு அதிகாரி. அதே துறைமுகத்தில் கப்பல் சரக்குக்குப் பொறுப்பாக இருந்த கிஷோரும் அவளும் மனசுக்குள் முடித்து வைத்திருந்ததைப் பெரியவர்கள் வெளியே முடிக்க வேண்டியதுதான் பாக்கி. பையனின் அப்பா அய்யம்பெருமாள், ஊரில் பேர்போன எண்ணெய் பரோட்டாக் கடை வைத்திருப்பவர். இருபது வருஷமாகக் கீரி மார்க் கவரில்தான் சால்னா கட்டுகிறார். சம்பந்தம் பண்ண இதைவிடப் பொருத்தம் வேண்டுமா?

இப்போதெல்லாம் ஜாதகத்தோடு நகச் சீட்டையும் மாற்றிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. பத்தில் எட்டுப் பொருத்தம் இருந்தாலும் பெண்ணுக்கு எழுபது கீரி என்றால் மாப்பிள்ளை வீட்டார் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். அண்ணாச்சிக்கு அந்தக் கவலை இல்லை. மகளின் சீட்டு வந்ததும் பிரித்துப் பார்த்தார். பால் பாக்கெட் கம்பெனி இரண்டு. தண்ணீர் பாட்டில் கம்பெனி மூன்று. கீரி மார்க்: இல்லை.

"ஏ ராஜக்கனி, இங்க வா!" என்று மனைவியைக் கூப்பிட்டார். "சொக்கத் தங்கம்! ஊர்ல இப்படி ஒரு சீட்டு எவன் வீட்டுலயாவது இருக்கா கேளு."

ராஜக்கனி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து சீட்டைப் பார்த்தாள். அவள் முகத்தில் சந்தோஷம் வந்த மாதிரித் தெரியவில்லை. "இதக் காட்டத்தான் வேணுமா?" என்றாள்.

அண்ணாச்சிக்குக் கேள்வியே புரியவில்லை. வத்தல் மூட்டையைப் பிரித்தால் நல்ல வத்தலை மேலாகப் பரப்பி வைக்கிற குடும்பத்தில் பிறந்தவர். இருக்கிறதிலேயே உசத்தியான சாம்பிளை ஒளித்து வைக்கிற வியாபாரியை அவர் கண்டதில்லை.

பெண் பார்க்க வந்த அன்று கேசரி வருவதற்கு முன்பே சீட்டை எடுத்து நீட்டிவிட்டார். அய்யம்பெருமாள் பார்த்துப் புருவத்தை உயர்த்திவிட்டு மனைவி பவளத்திடம் கொடுத்தார். பவளம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தாள். வாசித்து முடித்த பிறகும் சீட்டைக் கீழே வைக்கவில்லை.

"அண்ணாச்சி, எங்க கிஷோருக்கு எழுபது கீரி. எனக்கு எண்பது."

"அதெல்லாம் ஒண்ணும் பாக்காதீக. நாங்க அப்படிப்பட்ட ஆளுக இல்ல" என்றார் அண்ணாச்சி பெருந்தன்மையாக.

"எங்க மூத்தவளுக்குத் தொண்ணூறு. கல்யாணமாகி இத்தன வருசத்துல மூணு தங்கி மூணும் போச்சு. கடையில கட்டுற சால்னாவத்தான் சின்னப் புள்ளையில இருந்து அவளுக்கு ஊட்டுனேன்." பவளம் குரலை உயர்த்தவில்லை. "உங்க வீட்டுப் புள்ளை உடம்புல ஊரான் சரக்கு ரெண்டு மூணு இருக்கு. அப்பன் சரக்கு ஒண்ணுகூட இல்லையே. அது எப்படி அண்ணாச்சி?"

அண்ணாச்சி வாயைத் திறந்தார். இருபது வருஷத்தில் எத்தனையோ வாடிக்கையாளரின் எத்தனையோ கேள்விக்கு நின்ற இடத்தில் பதில் சொன்ன வாய் அது.

"எங்க வீட்டுல... எவர்சில்வர் பொழக்கம்" என்றார்.

"ஏன்?"

அடுத்த அறையில் மதிவதனியின் கொலுசு நின்றுபோனது கேட்டது. ராஜக்கனி கேசரித் தட்டோடு கதவருகே நின்றாள். பவளம் சீட்டை மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தாள். "யோசிச்சுச் சொல்றோம்" என்றாள். கேசரி ஆறிப்போயிற்று.

*

பவளம் கேட்ட ஏனுக்குப் பதில் அந்த வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும்.

கீரி மார்க் ஆரம்பித்த புதிதில் கவர் செய்து கொடுக்கிற ஆலைக்காரர் ஒரு விருந்து வைத்தார். இலை எடுத்த பிறகு அண்ணாச்சியைத் தனியாகக் கூப்பிட்டு, "இது உலர்ந்த சரக்குக்குத்தான் அண்ணாச்சி. கொதிக்கிறத ஊத்துனா கொஞ்சம் கொஞ்சமா விட்டுக் குடுக்கும். வீட்டுல வச்சுக்காதீக" என்றார். அண்ணாச்சி வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக அதை மனைவியிடம் சொன்னார். ராஜக்கனி சீராகக் கொண்டுவந்த எவர்சில்வர் தூக்குவாளியும் சம்புடமும் பரணிலிருந்து இறங்கின. திரும்ப ஏறவேயில்லை.

"அன்னிக்கு வீட்டுக்கு வேணாம்னு சொன்னீகளே. ஊருக்கும் ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்" என்றாள் ராஜக்கனி, சம்பந்தக்காரர்கள் போன அன்று.

"ஊரு என்ன என் பொண்டாட்டியா, சொன்னதும் கேக்க? கவர்லயே போட்டுருக்கோம்ல, சூடான பொருளுக்கல்லன்னு."

"எந்தப் பாஷையில? எந்த எடத்துல?"

ஆங்கிலத்தில், ஒட்டு மடிப்புக்குள், கடுகளவு எழுத்தில். இருவருக்கும் தெரிந்ததுதான்.

மதிவதனி அப்பாவின் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "எனக்கு ஒண்ணுமில்லன்னு வந்ததுக்கு நான் சந்தோசப்படணுமாப்பா, வெக்கப்படணுமா?"

"சந்தோசப்படு. மிச்சத்த அப்பா பாத்துக்கிறேன்."

"நீங்க பாத்துக்கிட்டதுதான் இவ்வளவும்" என்றாள் அவள்.

விருதுநகரில் ஒரு செய்தி தெப்பக்குளத்தைச் சுற்றி வர எத்தனை நேரமாகும்? கீரிக்கடைக்காரர் வீட்டில் கீரி இல்லை என்பது சாயங்காலத்துக்குள் பஜார் முழுக்கத் தெரிந்துவிட்டது. வழக்கமாகக் கட்டுக் கட்டாக வாங்குகிறவர்கள் அண்ணாச்சியைப் பார்த்ததும் போனைக் காதில் வைத்துக்கொண்டு எதிர்ச்சாரியில் போனார்கள். சுக்குமல்லிக் காபிக்காரர் ஒருவர் மட்டும் கடைக்குள் வந்து, "நீங்க என்ன பாத்திரம் பொழங்குறீகளோ அந்தக் கம்பெனி ஏஜென்சி எடுக்கலாம்னு இருக்கேன் அண்ணாச்சி, பேரு சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மதிவதனி தூத்துக்குடிக்குத் திரும்பினாள். அம்மாவிடம் மட்டும் போனில் பேசினாள். கிஷோர் அவன் அம்மாவின் வார்த்தையைத் தாண்ட மாட்டான் என்பதை ராஜக்கனி சொல்லித்தான் அண்ணாச்சி தெரிந்துகொண்டார்.

*

பத்து நாள் கழித்து அய்யம்பெருமாள் அண்ணாச்சியின் கடைக்கு வந்தார். கவர் வாங்க வந்தவர் மாதிரி ஒரு கட்டைத் தூக்கிப் பார்த்தார், வைத்தார். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி, வலது கைமேல் போட்டுக்கொண்டு அண்ணாச்சியின் பக்கம் நீட்டினார்.

அய்யம்பெருமாள் பரோட்டாவுக்கு வருவதற்கு முன் வத்தல் தரகர். வத்தல் பேட்டையில் இன்றும் விலையை வாயால் பேசுவதில்லை. லாரி தன்னால் ஓடி வந்து தன்னால் நிற்கிற காலத்திலும், துண்டுக்குக் கீழே ஒருவர் கையை ஒருவர் பிடித்து, விரலைத் தொட்டுத்தான் பேசுவார்கள். போனில் சொன்னால் ஊருக்கே தெரியும். துண்டுக்குள் சொன்னால் இரண்டு பேருக்குத்தான். வாய் வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். பொய் முழுவதும் வாய் வழியாகப் போய்விடுவதால் கைக்கு உண்மைதான் மிஞ்சும்.

அண்ணாச்சி துண்டுக்குள் கையை விட்டார்.

"வெயில் இந்த வருசம் ரொம்ப ஓவரு அண்ணாச்சி" என்றார் அய்யம்பெருமாள் சத்தமாக. பிறகு மெதுவாக: "பவளம் ஒண்ணுதான் கேக்குறா. உங்களுக்குத் தெரிஞ்சு வித்தீகளா, தெரியாம வித்தீகளான்னு. உங்க நகத்துலயும் கீரி இருந்துச்சுன்னா தெரியாமத்தான் வித்திருக்காருன்னு அவ மனசு ஆறிரும். ஞாயித்துக்கிழமை தெப்பக்குளத்து ஓரத்துல முகாம் இருக்கு. எல்லாரும் பாக்க நகத்தக் குடுங்க."

"எத்தன இருந்தா ஆறும்?"

அய்யம்பெருமாள் ஐந்து விரலையும் பிடித்தார். விரலுக்குப் பத்து. ஐம்பது.

அண்ணாச்சி யோசிக்காமல் இரண்டு விரலைத் தொட்டார். எதைக் கேட்டாலும் பாதிக்குக் கீழே ஆரம்பிப்பது அவர் கைக்குப் பழக்கம். தன் உடம்பில் ஒரு கீரிகூட இருக்க வழியில்லை என்பது இரண்டு விரலையும் கொடுத்த பிறகுதான் உறைத்தது.

இழுபறிக்குப் பிறகு முப்பத்தைந்துக்கு முடிந்தது.

அன்று மதியம் முதல் அண்ணாச்சி வீட்டில் ஒரு அதிசயம் நடந்தது. கொதிக்கக் கொதிக்க ரசத்தைக் கீரி மார்க் கவரில் ஊற்றச் சொல்லி, மூலையைக் கடித்து, உறிஞ்சிக் குடித்தார். காலையில் சாம்பார், ராத்திரி சால்னா. ராஜக்கனி ஊற்றிக் கொடுத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் ஊற்றிக் கொடுப்பது எப்படிப்பட்ட பேச்சு என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்?

மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் ஷகிலாவிடம் போனார்.

"ஏம்மா, நாலு நாள்ல முப்பத்தஞ்சு கீரி ஏறுமா?"

"எறக்குறதுக்கு வழி கேட்டுத்தான் சார் எல்லாரும் வருவாங்க. ஏத்துறதுக்குக் கேட்ட முத ஆளு நீங்கதான்."

"ஏறுமா, ஏறாதா?"

"ஏறாது. இன்னிக்குச் சாப்பிட்டது நகத்துல வந்து நிக்க மாசக் கணக்காகும். இது நேத்தைய சாப்பாட்டச் சொல்ற மிசின் இல்ல சார், பழக்கத்தச் சொல்ற மிசின்."

"சரி, ஒரு முப்பத்தஞ்சு போட்டுக் குடும்மா. கூடக் கொறைய வேண்டாம், கரெக்டா முப்பத்தஞ்சு."

"நான் போடுறதில்ல சார். அதுவே போட்டுக்கும்" என்றாள் ஷகிலா. கொஞ்சம் இரக்கத்தோடு சொன்ன மாதிரிதான் இருந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை தெப்பக்குளத்து ஓரம் பொருட்காட்சி போலக் கூட்டம். கீரிக்காரர் நகம் கொடுக்கப் போகிறார் என்று பட்டம்புதூரிலிருந்துகூட ஆள் வந்திருந்தார்கள். முன்வரிசை நாற்காலியில் பவளம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய மூத்த மகள். அந்தப் பெண் அண்ணாச்சியைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தாள். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஷகிலா நகத்தில் ஒரு கீற்றை வெட்டினாள். வலிக்கவில்லை. கருவி கிர்ரென்றது. திரையில் வந்த எண்ணைப் பார்த்த ஷகிலா முகத்தைச் சுருக்கினாள். இன்னொரு கையில் வெட்டி இன்னொரு தடவை போட்டாள்.

முடிந்தது என்று நினைத்தார் அண்ணாச்சி. ஒன்றுமில்லை என்றுதான் வந்திருக்கும். மகளின் முகத்தை இனி எப்படிப் பார்ப்பது என்ற யோசனையில் இருந்தவரின் காதில், "நூத்திப் பன்னெண்டு கீரி" என்று ஷகிலா சொன்னது விழுந்தது.

கூட்டம் திரையை எட்டிப் பார்த்தது. அந்த ஊரில் அதுவரை யாரும் நூறைத் தொட்டதில்லை.

அண்ணாச்சி ஷகிலாவின் பக்கம் குனிந்தார். முப்பத்தைந்துக்கு வழி தேடி வந்தவர் அவர்தான். ஆனாலும் வாய் பழக்கத்தில் போய்விட்டது. "கொஞ்சம் பாத்துக் கொறச்சுப் போடும்மா."

"எப்படி சார் இவ்வளவு?" என்றாள் ஷகிலா. "வீட்டுல எவர்சில்வர்னாங்க?"

பதில் கூட்டத்திலிருந்து வந்தது. கடைக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கிற கருப்பையா கையைத் தூக்கினார். "நம்ம டீதான்! அண்ணாச்சி ஒரு நாளைக்கு ஆறு டீ குடிப்பாக. கடைய விட்டு அசைய மாட்டாகளே, பார்சல்தான். நுரை பொங்கப் பொங்கக் கீரி கவர்ல கட்டி நாந்தான் கொண்டு போய்க் குடுப்பேன். ஒரு நா தவறுனதில்ல!" பரிசு வாங்கப் போகிறவர் போல மார்பை நிமிர்த்திக்கொண்டார்.

அண்ணாச்சி தன் நகத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். வீட்டில் உப்பு ஜாடி வரைக்கும் எவர்சில்வராக மாற்றியவர். ஆனால் டீயைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கிற வியாபாரி உலகத்தில் எங்கே இருக்கிறான்? டீ என்பது வியாபாரத்தில் ஒரு சேர்மானம். எதிரில் இருப்பவனை உட்கார வைக்க, விலையைத் தள்ளிப் போட, யோசிக்கிற மாதிரி காட்ட.

பவளம் எழுந்து வந்தாள். கண் கலங்கியிருந்தது. "மன்னிச்சிருங்க அண்ணாச்சி. எங்களவிட உங்களுக்குத்தான் கூட. தெரிஞ்சவரு தன் உடம்புக்குள்ளயே ஏத்துவாரா?" பிறகு மூத்த மகளின் கையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினாள். "பாரு, நூத்திப் பன்னெண்டு ஏறியும் கல்லுக்குண்டு மாதிரி நிக்காரு. அப்ப உனக்கு இதனால இல்ல. நான் ஊட்டுனதால இல்லடி. நல்லாக் கேட்டுக்க."

அந்தப் பெண் தலையாட்டினாள். பவளம் அழுதாள். இத்தனை வருஷம் அழாமல் வைத்திருந்தது அது.

அண்ணாச்சி ஒரு வார்த்தை சொல்ல வாயெடுத்தார். கூட்டம் கைதட்டிவிட்டது.

ஒரு வாரத்துக்குள் விட்ட வாடிக்கையெல்லாம் திரும்பி வந்தது, கூடவே புதுசும் வந்தது. யாரோ உற்சாகத்தில் கடைப் பலகையில் '112' என்று பெரிசாக எழுதிவிட்டுப் போனார்கள். முதலாளியே குடிக்கிற கவர் என்று சுக்குமல்லிக் காபிக்காரர்கூட வாங்கினார். கருப்பையா வழக்கம்போல டீ கொண்டுவந்தபோது அண்ணாச்சி, "அங்க வச்சிட்டுப் போ" என்றார். ஆள் போனதும் கல்லாவுக்குப் பின்னால் இருந்த செடியில் ஊற்றினார்.

அன்று ராத்திரி ராஜக்கனி சோறு போடும்போது, "வீட்டுக்கு வேணாம்னு எங்கிட்டச் சொன்னீக. கடைக்கு வேணாம்னு உங்களுக்குச் சொல்ல ஆளில்லாமப் போச்சே" என்றாள். திட்டுகிறாளா, அழுகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

*

நிச்சயதார்த்தம் அய்யம்பெருமாள் வீட்டில் நடந்தது. கடைக்குப் பின்கட்டுதான் வீடு. அண்ணாச்சி சீராக ஒரு வண்டி நிறைய எவர்சில்வர் கொண்டுவந்து இறக்கினார். தூக்குவாளி, அடுக்குச் சட்டி, சம்புடம், டம்ளர்.

"எதுக்கு அண்ணாச்சி இம்புட்டு?" என்று பவளம் சிரித்தாள். "இதெல்லாம் விளக்கி மாளுமா? நமக்குத்தான் கீரி இருக்கே." பாத்திரமெல்லாம் மூலையில் பிரிக்காமல் நின்றன.

தட்டு மாற்றியாயிற்று. மதிவதனி கிஷோருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் அப்படிச் சிரித்து அண்ணாச்சி பார்த்து வெகுநாளாகிவிட்டது. அந்தச் சிரிப்புக்கு நூறு கீரி என்ன, ஆயிரம்கூட ஏற்றிக்கொள்ளலாம் என்று தோன்றியது.

"மருமக மொத மொதல்ல நம்ம வீட்டுல கை நனைக்கப் போறா" என்றாள் பவளம். "கடைச் சால்னாதான் எங்க வீட்டுக்கு ராசி. கிஷோருக்கும் அதுதான் ஊட்டுனேன்."

கடையிலிருந்து சால்னா வந்தது. அடுப்பிலிருந்து நேரே ஊற்றிக் கட்டியிருந்தார்கள். எண்ணெய் மேலே சிவப்பாக மிதக்க, கவர் சூட்டில் உப்பிக்கொண்டு நின்றது. வெளிப்பக்கத்தில் கீரி வாலைத் தூக்கிக்கொண்டிருந்தது. பவளம் அதை மதிவதனியின் கையில் கொடுத்தாள். மதிவதனி வாங்கிக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

"சாப்பிடட்டுமாப்பா?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். கூடத்தில் இருந்தவர்கள் பாசக்காரப் பிள்ளை என்று நினைத்திருப்பார்கள். பவளத்தின் மூத்த மகள் ஓரமாக நின்று, தனக்கும் நல்ல காலம் வரும் என்கிற முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்பார்கள். ஏன் என்பதற்குப் பதில் சொன்னால், தெப்பக்குளத்து ஓரத்தில் ஆறிய மனசு ஒன்று மறுபடி வேக ஆரம்பிக்கும். சாப்பிடு என்று சொல்லலாம். இருபது வருஷமாக ஊருக்குச் சொன்னதுதான், புதிதாக ஒன்றுமில்லை. வாய் வரைக்கும் வந்துவிட்டது. அங்கேயே நின்றுகொண்டது.

அண்ணாச்சி எழுந்து போய் அய்யம்பெருமாளின் பக்கத்தில் உட்கார்ந்தார். தன் தோள் துண்டை எடுத்து உதறிக் கைமேல் போட்டு நீட்டினார்.

"என்ன சம்பந்தி, இப்பப் போயி?" என்று சிரித்துக்கொண்டே அய்யம்பெருமாள் கையை உள்ளே விட்டார்.

"வெயில் கொஞ்சம் கொறஞ்சிருக்கு" என்றார் அண்ணாச்சி. துண்டுக்குள் தன் கையை இறுக மூடி, அய்யம்பெருமாளின் உள்ளங்கையில் வைத்தார்.

அய்யம்பெருமாள் விரலைத் தேடினார். ஒரு விரலும் அகப்படவில்லை. வத்தல் பேட்டைக் கணக்கில் பத்து உண்டு, நூறு உண்டு, அரை உண்டு, கால் உண்டு. ஒன்றுமில்லை என்பதற்குச் சைகை கிடையாது. அதைக் கேட்டு எவனும் பேட்டைக்கு வந்ததில்லை. அய்யம்பெருமாள் ஒரு விரலைத் தொட்டுக் காட்டினார். பத்தாவது சொல்லுங்க. மூடிய கை அசையவில்லை. விரலில் பாதியைத் தொட்டார். மூடிய கை இன்னும் இறுகியது.

அண்ணாச்சியின் கண் மகளின் கையிலிருந்த கவர்மேல் இருந்தது. அய்யம்பெருமாள் அந்தப் பார்வையைத் தொடர்ந்து போய்க் கவரைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார், பிறகு மூலையில் பிரிக்காமல் நின்ற எவர்சில்வரைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு ஒவ்வொரு மடிப்பாகக் கழன்றது.

"எப்ப இருந்து தெரியும்?" என்றார், உதடு அசையாமல்.

துண்டுக்குள் இரண்டு விரல் நீண்டன. இரண்டு என்றால் எத்தனை வருஷம் என்று தரகருக்கு விளக்க வேண்டியதில்லை.

அய்யம்பெருமாள் அந்த இரண்டு விரலையும் பிடித்தார். எலும்பு நொறுங்குகிற மாதிரி பிடித்தார். அண்ணாச்சி முகத்தைச் சுளிக்கவில்லை. கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை. அய்யம்பெருமாள் தன் மூத்த மகளைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம், இத்தனை வருஷத்துக்குப் பிறகு நிம்மதியாக நிற்கிற மனைவியைப் பார்த்தார். எழுந்து ஒரு வார்த்தை சொல்லப் போகிறார் என்றுதான் அண்ணாச்சி நினைத்தார். அப்படிச் சொல்லிவிட்டால் நல்லது என்றுகூட ஒரு கணம் இருந்தது.

பிடி தளர்ந்தது. அய்யம்பெருமாள் கையை வெளியே எடுத்துத் துண்டிலேயே துடைத்துக்கொண்டார்.

"பவளம்" என்றார் சத்தமாக. "கவர வாங்கு. புதுப் பொண்ணுக்கு மொதச் சாப்பாடு சீர்ப் பாத்திரத்துலதான் குடுக்கணும். எங்க அப்பா வழியில அதான் மொறை."

"இப்படி ஒரு மொறைய நான் கேள்விப்பட்டதே இல்லையே?"

"இருக்கு. இனிமே நம்ம வீட்டுல எல்லாருக்கும் அதான். மூத்தவளுக்கும் ரெண்டு தூக்குவாளி எடுத்து வை."

பவளம் முணுமுணுத்துக்கொண்டே கவரை வாங்கி மூலையில் போட்டுவிட்டு ஒரு தூக்குவாளியைப் பிரித்தாள். சமையலறையிலிருந்து புதிதாகக் கொஞ்சம் குழம்பு கொண்டுவந்து ஊற்றினாள். மதிவதனி அதை வாங்கிக்கொண்டாள். அப்பாவைப் பார்த்தாள். மூலையில் கிடந்த கவரைப் பார்த்தாள். பிறகு கடைப் பக்கம் திறந்திருந்த ஜன்னலைப் பார்த்தாள். தலை குனிந்தபடி சாப்பிட ஆரம்பித்தாள். சிரிப்பு போய்விட்டிருந்தது.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பார்சல் வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது. கைக்குழந்தைக்காரிகள், வேலை விட்டு வந்தவர்கள். மாஸ்டர் கொதிக்கிற சால்னாவைக் கரண்டியால் மொண்டு கவருக்குள் இறக்கி, ஒரு சுழற்று சுழற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

அய்யம்பெருமாள் துண்டை மடித்து அண்ணாச்சியிடம் கொடுத்தார்.

"நாளைக்குக் கடைக்குப் பத்துக் கட்டு அனுப்பிருங்க சம்பந்தி" என்றார். "ஸ்டாக்கு தீந்துபோச்சு."